181 முதல் நடுவர் மன்றம் வரை: குடும்ப வன்முறை உதவிச் சேவைகள் எப்படி இருக்கின்றன?

தமிழ்நாட்டில் கணவனின் அடிக்கு ஆளாகும் பெண்ணுக்கு நல்ல முதல் வாசல் 181 என்ற மகளிர் உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் அவசர உதவி எண் 112.

அடுத்தது ஒருங்கிணைந்த சேவை மையம். சிகிச்சை, ஆலோசனை, சட்ட உதவி, தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்ற அமைப்பு உண்மையிலேயே அருமை. குறை தங்கும் நாட்களில்தான்: பொதுவாக ஐந்து நாள். கைக்குழந்தையோடு வந்தவள் ஐந்து நாளில் எங்கே வீடு பார்ப்பாள்? அதனால் நீண்டகால இல்லத்துக்கு முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

சேவையின் முதுகெலும்பு பாதுகாப்பு அலுவலர். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவர் படிவம் 1-இல் நிகழ்வு அறிக்கை எழுத வேண்டும். பல வழக்குகள் பலவீனப்படுவது இங்கேதான். "அடிக்கடி அடிப்பார்" என்று எழுதினால் போதாது. தேதி, நேரம், இடம், காயம் தனித்தனியாக வேண்டும். சம்பளத்தைப் பிடுங்குவதும் பொருளாதார வன்முறை, அதற்கும் கட்டம் இருக்கிறது. மருத்துவச் சான்று, சீதனப் பட்டியல் இணையுங்கள். அறிக்கையின் நகல் இலவசம், வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

காவல் நிலையத்தில் "சமாதானமாகப் போங்கம்மா" என்பது பெரிய குறை. மனு ஏற்பு ரசீது கேளுங்கள். சமரசத்தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம்.

பாதுகாப்பு கேட்டு நடுவர் மன்றத்தில் கொடுக்கும் பிரிவு 12 மனுவை அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும். எனவே பிரிவு 23-இன் கீழ் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். இலவச வழக்கறிஞருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு; பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.