ட்ரெக்கிங் போல் வாங்கப் போறீங்களா? காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ அழுத்திப் பாருங்க

மலையேறும்போது ஊன்றிக்கற தடிதான் ட்ரெக்கிங் போல், அத வாங்கி நான் ஏமாந்த கதை இது. கார்பன் ஃபைபர் போல், ஜோடி, டாப் குவாலிட்டின்னு சொல்லி ஒருத்தர் என் தலையில கட்டிட்டாரு, நானும் கருப்பு கலர்ல பின்னல் மாதிரி டிசைன் இருந்ததப் பாத்து நம்பிட்டேன். முதல் ட்ரெக்கிலயே பாறையில உரசி பெயின்ட் உரிஞ்சு உள்ள வெள்ளையா அலுமினியம் பல்ல காட்டுச்சு.

அலுமினியம் மட்டம்னு சொல்ல வரல. கார்பன் எடை கம்மி, ஆனா பக்கவாட்டுல அடி வாங்குனா பட்டுனு ஒடியும், அலுமினியம் வளையும், அவ்ளோதான். கடுப்பு என்னன்னா கார்பன் விலைய வாங்கிட்டு இத குடுத்தது.

அதவிட மோசம் லாக், அதாவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற குழாய்ங்கள வேணுங்கற நீளத்துல பிடிச்சு நிறுத்தறது. திருகுற டைப். உள் குழாய் நுனியில ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், திருகுனா அது விரிஞ்சு வெளிக்குழாய் சுவத்த கவ்வணும், மண்ணும் ஈரமும் உள்ள போனா நல்ல போல்லயே வழுக்கும், என்னோடதுல பிளாஸ்டிக் சோப்பு மாதிரி மழமழன்னு இருந்துச்சு. ஏத்தத்துல ஒண்ணும் தெரியல, ஏன்னா அங்க லேசா ஊன்றோம். இறக்கத்துல போலை முன்னாடி வெச்சு மொத்த உடம்பையும் அது மேல சாய்க்கறோம்ல, ஒரு கல்லுப் படியில ஊன்றேன், போல் அப்படியே உள்ள போயிடுச்சு, ஒரு சாண் குறைஞ்சிருக்கும், நான் முகம் குப்புற. மணிக்கட்டுல ஸ்ட்ராப்ப மாட்டியிருந்ததால கையையும் விடுவிக்க முடியல, கட்டைவிரல் பிசகிடுச்சு. (பெரிய பாறைங்க நடுவுலயும் ஆத்த கடக்கும்போதும் ஸ்ட்ராப்ப கழட்டிடணுமாம், இத யாரும் எனக்கு சொல்லல.)

இன்னொரு போல் வளைஞ்சே போச்சு. "இதுக்கு மேல இழுக்காத"ன்னு உள் குழாய்ல ஒரு கோடு இருக்கணும், அப்பதான் ரெண்டு குழாயும் போதுமான அளவு ஒண்ணுக்குள்ள ஒண்ணு நிக்கும். இதுல அந்தக் கோடே இல்ல, வெறும் நம்பர் ஸ்டிக்கர். சமதரையில ஊன்றப்ப முழங்கை 90 டிகிரி இருக்கணும், இறக்கத்துக்கு 5 லேருந்து 10 சென்டிமீட்டர் கூட்டிக்கணும், ஏத்தத்துக்கு அதே அளவு குறைக்கணும். என் உயரத்துக்கு இந்த போலே பத்தல, நான் கடைசி வரைக்கும் இழுத்துட்டேன்.

முனையும் டங்ஸ்டன் கார்பைடு (சீக்கிரம் தேயாத கெட்டிப் பொருள்) இல்ல, சாதா இரும்பு, ஒரே நாள்ல மொண்ணை. ரப்பர் மூடி முதல் சேத்துலயே காணாமப் போச்சு.

திருப்பிக் குடுக்கப் போனா "நீங்க ஓவரா டைட் பண்ணிருக்கீங்க"ன்னாரு, இன்னொண்ண காட்டுனதும் "இத சரியா டைட்டே பண்ணல"ன்னாரு. ஒரே ஆளு, ரெண்டும் ஒரே மூச்சுல. அப்புறம் யூஸ் பண்ண பொருள எடுக்க மாட்டோம்னு முடிச்சுட்டாரு.

அதனால வாங்குற இடத்துலயே நீட்டி லாக் பண்ணி, ரெண்டு கையாலயும் மேலருந்து முழு பலத்தோட அழுத்துங்க, அரை இன்ச் இறங்குனாலும் வெச்சுட்டு வந்துடுங்க. கோடு இருக்கான்னு பாருங்க. நான் இப்ப லீவர் லாக் (வெளியில மடக்கி இறுக்கற கொக்கி) வெச்சதுதான் வாங்கிருக்கேன், லூசானா ஸ்க்ரூவ லேசா முறுக்குனா போதும். கட்டைவிரல்தான் இன்னும் ஒரு பாட்டில் மூடிய திறக்க விட மாட்டேங்குது.