மடிக்கணினியில் படம் பார்க்கச் சத்தம் காணாதா? மாற்று வழிகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

மடிக்கணினியில் படம் பார்ப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரியானது: சத்தத்தை முழுவதும் கூட்டியாகிவிட்டது, அப்படியும் காணாது. இந்தக் குறைக்குள் இரண்டு வேறு சிக்கல்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்றில் பாட்டு, சண்டை, பேச்சு என எல்லாமே மெதுவாகக் கேட்கும். மற்றதில் பாட்டும் சண்டையும் காதைப் பிளக்க, பாத்திரங்கள் கதைப்பது மட்டும் முணுமுணுப்பாக அமுங்கிப்போகும். முதலாவதுக்குச் சத்தத்தைப் பெருக்கினால் போதும். இரண்டாவதுக்கு அதே பெருக்கல் நிலைமையை மேலும் கெடுக்கும். வழக்கமாகச் சொல்லப்படும் வழிகளை நான் இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே எடைபோடுகிறேன். எந்தக் குறை என்று பார்க்காமல் கருவியைத் தேடுவதால்தான் பலருடைய பணமும் நேரமும் வீணாகின்றன.

இரண்டாவது குறை ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். திரையரங்கில் ஒவ்வொரு திரை ஒலிபெருக்கியும் 85 டெசிபெல் என்ற அளவுக்கு ஒப்பிட்டுச் சரிசெய்யப்பட்டிருக்கும். அமைதியான அந்தக் கூடத்தில் மெல்லிய பேச்சும் தெளிவாகவே கேட்கும், வெடிச்சத்தத்துக்கு மேலே ஏற நிறைய இடமும் இருக்கும். அந்த இடைவெளியைக் காப்பதற்காகவே நெட்ஃபிளிக்ஸ் தனக்கு வரும் படங்களில் உரையாடலின் சராசரி உரப்பு -27 எல்.கே.எஃப்.எஸ். (டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பைப் பூச்சியமாகக் கொண்டு, அதற்கு எத்தனை டெசிபெல் கீழே என்று உரப்பை அளக்கும் அலகு) அளவைச் சுற்றி இருக்க வேண்டும் என்று கேட்கிறது. யூடியூப் மிக உரத்த காணொளிகளைக் குறைத்து நிறுத்தும் அளவு அதே வகையில் ஏறத்தாழ -14, அதாவது 13 டெசிபெல் உரத்தது. பத்து டெசிபெல் கூடினால் காதுக்குச் சத்தம் இருமடங்காகத் தோன்றும் என்பதை வைத்துப் பார்த்தால், யூடியூப்பில் பாட்டுக் கேட்டுவிட்டு அதே கணினியில் படத்தைத் தொடங்கும்போது ஒலிபெருக்கியே பழுதாகிவிட்டதோ என்ற ஐயம் எழுவதில் வியப்பில்லை. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நிலைமை இன்னும் கடினமானது. புழுக்கத்துக்கு யன்னலைத் திறந்து வைத்தால் ஒரு பக்கம் காலி வீதியின் இரைச்சல், மறுபக்கம் கடற்கரையோரப் புகையிரதம், தலைக்கு மேலே மின்விசிறி. இவற்றுக்குக் கீழே அமுங்கிப்போவது பேச்சுத்தான், சண்டைக்காட்சி அல்ல.

எதையும் நிறுவுவதற்கு முன்னர் செலவில்லாத சில சோதனைகள் இருக்கின்றன. விண்டோஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிச் சத்த அளவு உண்டு. மொத்த அளவு நூறில் இருந்தாலும் உலாவிக்கு மட்டும் முப்பதில் நிற்கலாம். ஒலி அமைப்பில் ‘கொம்யூனிகேஷன்ஸ்’ என்ற பகுதியும் கவனிக்கத்தக்கது. கணினியில் அழைப்பு நடப்பதாக விண்டோஸ் உணர்ந்தால் மற்றச் சத்தங்களை 80 விழுக்காடு குறைக்கும்படி அது இயல்பாகவே அமைந்திருக்கும். அதை ‘எதுவும் செய்ய வேண்டாம்’ என்று மாற்றிவிடலாம். பல மடிக்கணினிகளில் ஒலிபெருக்கிகள் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. மெத்தையிலோ மடியிலோ வைத்தால் துணி சத்தத்தை உறிஞ்சிவிடும், பலகை மேசையில் வைத்தால் அது தெறித்து மேலே வரும். ஹெட்போனில் இசை கேட்டு, பேச்சு மட்டும் காணாமற்போனால், முதலில் பிளக்கை நன்றாக அழுத்திப் பாருங்கள். அது முழுதாக உள்ளே போகாமல் தரைத் தொடர்பு விடுபட்டால், இடது, வலது இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அப்படி இரண்டிலும் பொதுவாக இருப்பது பெரும்பாலும் மனிதக் குரல்.

இனி மென்பொருள் வழிகள். அதிகமானோர் முதலில் கையில் எடுப்பது நேரடிப் பெருக்கல். வி.எல்.சி. என்ற இலவசக் காணொளி பிளேயரில் சத்தக் கோட்டை 125 விழுக்காடு வரை இழுக்கலாம். உலாவிகளுக்கென 600 விழுக்காடு வரை கூட்டித்தரும் நீட்சிகளும் (உலாவியோடு சேர்த்து நிறுவும் சிறு செயலிகள்) இருக்கின்றன. எல்லாமே மெதுவாகக் கேட்கும் முதலாவது குறைக்கு, குறிப்பாகப் பழைய பதிவுகளுக்கும் வீட்டில் எடுத்த காணொளிகளுக்கும், வி.எல்.சி.யின் பெருக்கல் போதுமானது, எளிமையானது. ஆனால் டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அலையின் உயரத்தை 200 விழுக்காடு ஆக்குவது 6 டெசிபெல் கூட்டுவதற்குச் சமம். ஏற்கனவே உச்சத்தை அண்மித்து நிற்கும் வெடிச்சத்தம் அப்போது வரம்பில் மோதி வெட்டுப்பட்டு, கரகரப்பாக வெளிவரும். உலாவி நீட்சிகளை நான் கடைசி இடத்திலேயே வைப்பேன். அவற்றில் பல, நீங்கள் திறக்கும் எல்லா இணையத்தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. வங்கிக் கணக்கைப் பார்க்கும் அதே உலாவியில் படத்தின் சத்தத்துக்காக அந்த அனுமதியைக் கொடுப்பது நியாயமான பேரம் அல்ல.

பேச்சு மட்டும் அமுங்கும் இரண்டாவது குறைக்குத் தேவை ஒடுக்கம், அதாவது உரத்த பகுதிகளை அடக்கி, மெல்லிய பகுதிகளை உயர்த்துவது. இதற்கு இரண்டு நல்ல வழிகள் போட்டியில் நிற்கின்றன: விண்டோஸின் ‘லவுட்னஸ் ஈக்குவலைசேஷன்’, வி.எல்.சி.யின் ‘கம்ப்ரசர்’.

இரண்டில் எனக்கு நுணுக்கமானதாகத் தோன்றுவது வி.எல்.சி.யின் வழி. ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘எஃபெக்ட்ஸ் அன்ட் ஃபில்டர்ஸ்’ என்பதைத் திறந்தால் ஒலிப் பகுதியில் அது இருக்கிறது. அங்கே ‘த்ரெஷோல்ட்’ என்ற வாசலை -20 டெசிபெலிலும், ‘ரேஷியோ’ என்ற விகிதத்தை நான்குக்கு ஒன்றாகவும், ‘மேக்கப் கெயின்’ என்ற ஈடுகட்டலை 12 டெசிபெலிலும் வைப்பதாகக் கொள்வோம். படத்தில் பேச்சு -27 அளவிலும் சண்டை -4 அளவிலும் இருந்தால், இரண்டுக்கும் இடையே 23 டெசிபெல் தூரம். பேச்சு வாசலுக்குக் கீழே நிற்பதால் ஒடுக்கம் அதைத் தொடாது. சண்டை வாசலைத் தாண்டிய 16 டெசிபெல், விகிதப்படி நான்காகச் சுருங்கி -16க்கு இறங்கும். பின்னர் இரண்டோடும் 12 சேரும்போது பேச்சு -15க்கு ஏறும், சண்டை பழைய -4க்கே திரும்பும். இடையிலான தூரம் 11 ஆகக் குறைந்துவிட்டது. மேல்மாடிக்காரருக்குக் கேட்கும் சண்டைச் சத்தம் ஏறத்தாழ அப்படியே இருக்க, உங்கள் அப்பம்மாவுக்குக் கேட்கும் பேச்சு இருமடங்குக்கு மேல் உரத்திருக்கிறது. வசனம் புரியாத ஒருவர் பக்கத்தில் இருப்பவரை அடிக்கடி “என்ன சொன்னவன்?” என்று கேட்க வேண்டிய நிலை மாறுவதற்கு இதைவிடச் சிறந்த இலவச வழி எனக்குத் தெரிந்து இல்லை. சண்டை வந்ததும் ஒருவர் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைக்க வேண்டிய தேவையும் போய்விடும்.

இதன் குறைபாடு, வி.எல்.சி.யில் திறக்கும் கோப்புகளுக்கு மட்டுமே பயன்படும் என்பது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளில் உலாவி வழியாகப் பார்ப்பவருக்கு விண்டோஸின் வழியே பொருத்தம். கணினியிலிருந்து வெளியேறும் எல்லா ஒலிக்கும் அது செயற்படும். ஒலிக் கருவியின் பண்புகளில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ பகுதியில் அதைத் தெரிவுசெய்யலாம். எனினும் அது ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பொறுத்தது என்பதால் எல்லா மடிக்கணினிகளிலும் கிடைப்பதில்லை. உள் ஒலிபெருக்கிக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனியாகவும் இயக்க வேண்டும். அமைதியான காட்சிகளில் பின்னணி இரைச்சலையும் சேர்த்தே தூக்கிவிடுவதும், இசையின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்குவதும் அதன் இயல்பு. பாட்டுக் கேட்கும்போது அணைத்துவிடுவதே நல்லது.

ஐந்து தசம் ஒன்று எனப்படும் ஆறு தட ஒலியுள்ள கோப்புகளை இவற்றிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். அவற்றில் உரையாடல் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். இரண்டு ஒலிபெருக்கிகளுக்குச் சுருக்கும்போது, நடுத் தடம் வழக்கமாக 3 டெசிபெல் குறைத்து இரு பக்கங்களிலும் சேர்க்கப்படுகிறது. விண்டோஸ் ஒலி அமைப்பு தவறுதலாக 5.1 என்று நின்றால் அந்தத் தடம் எங்கும் போய்ச் சேராமலே போகலாம். பேச்சு ஏறக்குறைய முற்றாகவே இல்லாமல் இசை மட்டும் கேட்டால், ‘ஸ்டீரியோ’ என்று மாற்றிவிட்டுப் பிறகு மற்ற வழிகளைத் தேடலாம்.

எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மாற்றி மென்பொருளைக் கொண்டு கோப்பின் ஒலியை நிரந்தரமாகச் சமப்படுத்தி எழுதுவது, ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்கும், தொலைக்காட்சியில் செருகிப் பார்க்க யூ.எஸ்.பி.யில் ஏற்றுபவருக்கும் மட்டுமே தகும்.

வன்பொருளுக்கு வருவோம். உள் ஒலிபெருக்கிகள் மிகச் சிறியவை. எந்த மென்பொருளாலும் அவற்றின் உடல் எல்லையைத் தாண்ட வைக்க முடியாது. தனியாகப் பார்ப்பவருக்கு, அதுவும் இரவில், கம்பி ஹெட்போனுக்கு நிகரான தீர்வு இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம் என்றால், 90 டெசிபெலில் 4 மணித்தியாலம் மட்டுமே. ஹெட்போனிலும் ஒடுக்கத்தை இயக்கிவிட்டு மொத்தச் சத்தத்தைக் குறைத்து வைப்பது காதுக்குச் செய்யும் நன்மை. புளூடூத் ஸ்பீக்கர் கையடக்கமானது, மின்வெட்டிலும் பாடும். ஆயினும் ஒலி பிந்தி வந்து உதட்டசைவோடு பொருந்தாமற்போகக்கூடும். வி.எல்.சி.யில் ஜே விசையை அழுத்தினால், ஒவ்வொரு தடவையும் ஒலி 50 மில்லிசெக்கன் முந்தி வரும்.

குடும்பமாக இருந்து பார்க்க வேண்டுமானால், சுவர்ப் பிளக்கில் இயங்கும் இரட்டை ஸ்பீக்கரையே நான் பரிந்துரைப்பேன். யூ.எஸ்.பி.யில் மட்டும் இயங்கும் ஸ்பீக்கர் மலிவாகவும் வசதியாகவும் தோன்றும். ஆனால் யூ.எஸ்.பி. 2.0 துறை 5 வோல்ட்டில் 500 மில்லி அம்பியர் தரும்படி வரையறுக்கப்பட்டது, மொத்தம் 2.5 வாட் மட்டுமே. பெட்டியில் எத்தனை வாட் என்று அச்சிட்டிருந்தாலும், அந்தத் துறையிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியதைவிட அதிகமாக அது ஒலிக்க முடியாது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கப் போகிறவர் தன் மடிக்கணினியையும், பேச்சு அமுங்கிக் கேட்ட அதே படத்தையும் கொண்டுபோகட்டும். கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகவே கேட்கும். கடையின் இரைச்சலுக்குள், சத்தத்தைப் பாதியில் வைத்து, உங்கள் படத்தின் மெல்லிய உரையாடல் காட்சியைப் போட்டு, இரண்டு அடி தள்ளி நின்று, ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கிறதா என்று பார்த்த பின்னரே காசைக் கொடுக்கலாம்.