லெஸ்டரிலிருந்து செராம்பூர் வழியாக நாசரேத்துக்கு

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு வருகிறவன் நான். இந்தமுறை முதலில் கொல்கத்தாவில் இறங்கினேன். சித்தப்பாவின் நெடுநாள் ஆசை அது. மதுரை அரசரடியில் இறையியல் படித்து அவர் வாங்கிய பி.டி. என்கிற இறையியல் பட்டம், கொல்கத்தா அருகே உள்ள செராம்பூரின் பட்டம் வழங்கும் அமைப்பான செனட்டின் பெயரில் வந்தது. சட்டம்போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பார். "உங்கள் லெஸ்டரில் போதகராக இருந்த வில்லியம் கேரிதான் அங்கே போய் மண்ணானார். ஒருமுறை பார்த்துவிட்டு வாப்பா" என்று போனமுறையே சொல்லியிருந்தார்.

விமான நிலையத்தில், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையைக் காட்டி அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். சிக்கல் ஹௌராவில்தான். முன்பணம் கட்டியிருந்த விடுதியில் இரவு பதினொரு மணிக்குப் போய் நின்றால், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அறை இல்லை என்றார்கள். நம்மைப் போன்றவர்கள் தங்கினால் விடுதிக்காரர் அந்த விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்கு அவர்கள் தயாராக இல்லை. பணமும் இன்னும் திரும்பவில்லை. அடுத்த தெருவில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொன்றாகக் கணினியில் தட்டி, சாவியைக் கையில் கொடுத்தார். பணம் கட்டுவதற்கு முன்பே வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களைப் பதிவு செய்வார்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஹௌராவிலிருந்து செராம்பூருக்கு உள்ளூர் ரயில் அடிக்கடி ஓடுகிறது. இருபது கிலோமீட்டர்தான், டிக்கெட், ஒரு தேநீரின் விலைகூட இல்லை. நிலையத்துக்கு வெளியே 'டோட்டோ' என்கிற மின்ரிக்‌ஷா நிற்கும். "கேரி" என்றதுமே ஓட்டுநர் தலையாட்டினார்.

செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி, 1789இல் லெஸ்டர் ஹார்வி லேன் பாப்டிஸ்ட் சபைக்குப் போதகரானார். 1793இல் இந்தியாவுக்குக் கிளம்பியபோது அவர் கையிலும் காகிதம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாததால் ஆங்கிலக் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, டேனிஷ் கப்பலில் ஏறி நவம்பரில் கல்கத்தா சேர்ந்தார். வடவங்காளத்தில் அவுரித் தொழிற்சாலை மேலாளர் வேலை அவரை ஊன்றவைத்தது. 1800 ஜனவரியில், நம் தரங்கம்பாடியைப் போலவே டேனியர் ஆண்ட செராம்பூருக்கு வந்தார். கம்பெனி விரட்ட முடியாத இடம் அது. 1818இல் அங்கே அவரும் தோழர்களும் தொடங்கிய கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் சாசனம் கொடுத்தார். சித்தப்பா வீட்டுச் சுவரில் தொங்குவது அதன் தொடர்ச்சிதான்.

என் மனம் நின்றது கேரியின் மனைவி டோரத்தி அம்மாளிடம். வரவே மாட்டேன் என்றவர், கடைசி நேரத்தில் தங்கையும் துணைக்கு வரச் சம்மதித்ததால் கைக்குழந்தையோடு கப்பலேறினார். மறுவருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். குழிவெட்டக்கூட ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. பிறகு அந்தத் தாயின் மனம் கலங்கியது, 1807இல் சாகும்வரை தெளியவில்லை. பிரசங்க மேடைகளில் கேரியின் வேதாகம மொழிபெயர்ப்புகளை அடுக்குகிறோம்; இந்த அம்மாள் கொடுத்த விலையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது நியாயமே இல்லை. வெளியூரில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என் மனைவி விழித்திருக்கும் இரவுகள் எனக்குத் தெரியும்.

கல்லறைத் தோட்டத்துக் காவலாளி கதவைத் திறந்துவிட்டு, கேரியின் கல்லில் கிடந்த சருகுகளைக் கையாலேயே தள்ளினார். பெயர், பிறந்த நாள், இறந்த நாள், தன்னை ஏழைப் புழுவாகச் சொல்லும் ஒரு ஞானப்பாட்டு வரி. தனக்கென்று அவர் கேட்டது அவ்வளவுதான்.

நாசரேத்தில் சித்தப்பா என் கைபேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தை விரித்து 1834 என்பதை வாய்விட்டுப் படித்தார். "நாற்பது வருடத்துக்கு மேல். ஒருதடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்குத் திரும்பும் டிக்கெட் என்றைக்கு?" என்று கேட்டார்.