போஸ்ட்கிரெஸ் லாக் சிக்கல்கள்: பல வருடம் பழகியபின்

ஒரே தகவலை இருவர் ஒரே நேரத்தில் மாற்றிக் குழப்பாமல் டேட்டாபேஸ் போடும் பூட்டுதான் லாக். லாக் பிரச்சினை என்றால் காத்திருக்கும் குவெரியைத்தான் (டேட்டாபேஸுக்கு அனுப்பிய கட்டளையைத்தான்) எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பல வருடம் பழகியதில் நான் முதலில் தேடுவது சும்மா இருக்கும் செஷனை, அதாவது இணைப்பை. செஷன்களின் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ (ஒரு வேலைத் தொகுப்பைத் தொடங்கிவிட்டு, முடிக்காமல் சும்மா இருப்பது) என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அப்டேட் செய்துவிட்டு, கமிட் போடாமல் (மாற்றத்தை உறுதிசெய்து முடிக்காமல்) வெளியே ஏதோ ஏபிஐ பதிலுக்குக் காத்திருக்கிற அப்ளிகேஷனாக இருக்கலாம். தானாகவே கமிட் போடும் ஆட்டோகமிட்டை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனவராகவும் இருக்கலாம். அதே ரோவை (டேபிளின் ஒரு பதிவை) மாற்ற வருகிற அத்தனை பேரும் அதன் பின்னால் நிற்பார்கள்.

முன்பு இதைக் கண்டுபிடிக்க, லாக்குகளின் பட்டியலான பிஜி_லாக்ஸைத் தன்னோடு தானே ஜாயின் செய்யும் நீளமான குவெரி வேண்டியிருந்தது. 2016இல் வந்த 9.6 பதிப்பில் பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷன் சேர்ந்தபின் வேலை எளிதாகிவிட்டது. காத்திருக்கும் செஷனின் எண்ணைக் கொடுத்தால் மறிப்பவரின் எண் வரும். அவரையும் இன்னொருவர் மறித்திருக்கலாம். வேர் வரை போகவேண்டும்.

ஒரு குறை: ரோ லாக் அந்த ரோவிலேயே குறிக்கப்படுவதால், எந்த ரோவுக்குச் சண்டை என்று பிஜி_லாக்ஸ் நேராகச் சொல்வதில்லை. பெரும்பாலும், இன்னொருவரின் டிரான்சாக்‌ஷன் முடியக் காத்திருப்பதாக மட்டும் காட்டும்.

புதிதாக வருபவர்களை அதிகம் குழப்புவது, டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள். தகவலைப் படிக்கும் சாதாரண செலக்ட்டும், மாற்றும் அப்டேட்டும் ஒன்றையொன்று மறிக்காது. ஆனால் ஆல்டரின் பல வகைகள் ‘ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்’ லாக் கேட்கும், அது படிப்பதைக்கூட மறிக்கும். ரிப்போர்ட் ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்திருக்கும். பிறகு வரும் செலக்ட்கள் ஆல்டருக்குப் பின்னால் க்யூவில் நிற்கும். சைட் மொத்தமும் உறைந்துபோகும். ஆல்டருக்கு லாக் இன்னும் கிடைக்கவேயில்லை என்பதுதான் வேடிக்கை! அதனால் மைக்ரேஷனுக்கு (இப்படி டேபிள் அமைப்பை மாற்றும் வேலைக்கு) முன், லாக்குக்குக் காத்திருக்கும் நேர வரம்பான லாக்_டைம்அவுட்டை இரண்டு விநாடி வைத்துவிடுவேன். கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளட்டும், அப்புறம் மறுபடி முயலலாம்.

இருவர் மாறிமாறி மற்றவரின் லாக்குக்குக் காத்து நிற்கும் டெட்லாக் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. இயல்பாக ஒரு விநாடி காத்தபின் போஸ்ட்கிரெஸ்ஸே சோதித்து, ஒரு டிரான்சாக்‌ஷனை ரத்து செய்து, இரண்டு குவெரிகளையும் சர்வரின் பதிவுக் கோப்பில் எழுதிவிடுகிறது. ரோக்களை எப்போதும் ஒரே வரிசையில், ஐடிப்படி அப்டேட் செய்தால் பெரும்பாலானவை வராது.

என் எரிச்சல் டீஃபால்ட்களின் (நாம் மாற்றாவிட்டால் இருக்கும் அமைப்புகளின்) மேல்தான். லாக்_டைம்அவுட், ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் (கமிட் போடாமல் சும்மா இருப்பவருக்கான நேர வரம்பு) இரண்டும் பூஜ்ஜியம். அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். லாக் காத்திருப்பைப் பதிவு செய்யும் லாக்_லாக்_வெய்ட்ஸ், நான் பயன்படுத்திய பதிப்புகளில் அணைந்தே வந்தது. புது சர்வரில் இதை ஆன் செய்யாமல் நான் நகர்வதில்லை.

கடைசியாக, மறிப்பவரை நீக்கும்போது: பிஜி_கேன்சல்_பேக்எண்ட் ஓடும் குவெரியை மட்டும் நிறுத்தும். சும்மா இருப்பவரிடம் நிறுத்த எதுவுமில்லை, அவருக்குப் பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்தான். அதற்குமுன் அந்த செஷனின் கடைசிக் குவெரியையும் அப்ளிகேஷன் பெயரையும் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். செஷன் போனபின் கிடைக்காது.