டிக்கியின் அவசர நெம்புகோல்: ஒரு மதிப்பீடு

ஆறு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் ஹேட்ச்பேக் (டிக்கி தனி அறையாக இல்லாமல் பின்னிருக்கைப் பகுதியோடு சேர்ந்திருக்கும்) காரில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் டிக்கியின் மின்பூட்டு வேலை செய்யாதபோது அதைக் கையால் திறக்கத் தந்திருக்கும் வசதி, இருந்தும் இல்லாத கதைதான். வெளியே சாவித் துவாரமே கிடையாது. பின்னிருக்கையை மடக்கி, உள்ளே தவழ்ந்து சென்று, டிக்கிக் கதவின் உட்பக்க அடிப்பகுதியில் தீப்பெட்டி அளவே உள்ள பிளாஸ்டிக் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தால், விரல்நுனி மட்டுமே எட்டும் ஆழத்தில் ஒரு சிறு நெம்புகோல் தட்டுப்படுகிறது. அதைப் பக்கவாட்டில் தள்ளியதும் 'டக்' என்ற ஓசையுடன் பூட்டு விடுபட்டது. அந்த அளவில் பொறியமைப்பு பாராட்டுக்குரியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது என்பதைத்தான் கையேடு சொல்லவில்லை.

கோளாறு பூட்டில் இல்லை என்பது பிறகே தெரிந்தது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி நிமிரும் ரப்பர் உறைக்குள் ஒரு ஒயர் அறுந்திருந்தது. 12 வோல்ட் பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டாலும் இதே நிலைதான்.

அமெரிக்காவில் விற்பதற்காக 2001 செப்டம்பர் முதல் தயாரிக்கப்படும், தனி டிக்கி உள்ள கார்களில் டிக்கிக்குள் இருந்தே அதைத் திறக்கும் கருவி கட்டாயம். அது இருட்டிலும் கண்ணில் பட வேண்டும். ஹேட்ச்பேக்குகளை அந்த விதி கட்டுப்படுத்தாததாலோ என்னவோ, இந்த நெம்புகோல் கறுப்புக் குழிக்குள் கறுப்பாகவே கிடக்கிறது. இப்போது அதில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, நுனியை மூடிக்கு வெளியே விட்டிருக்கிறேன்.