ஆன்டி-ஏ1 லெக்டின் 5 மிலி: ஃப்ரிட்ஜின் பின்வரிசை பாட்டில்

பிளட் பேங்க் டெக்னீஷியனின் கை தானாகப் போவது மூன்று பாட்டில்களுக்குத்தான்: நீல ஆன்டி-ஏ, மஞ்சள் ஆன்டி-பி, நிறமில்லாத ஆன்டி-டி. இந்த ஆன்டி-ஏ1 லெக்டின் நாலாவது, பின்வரிசையில் கிடக்கும். ஏ ரத்த குரூப்பின் ஏ1, ஏ2 என்ற உட்பிரிவுகளைப் பிரித்துக் காட்டும் விதைச் சாறு இது; ஏ1 செல்களை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டும். வாரக்கணக்கில் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் வேண்டும் என்கிற நேரத்தில் இது இல்லாவிட்டால் ரிப்போர்ட் அப்படியே நிற்கும்.

எப்போது வேண்டும்? ஃபார்வர்டில் (ஆளின் செல்லை இந்த பாட்டில்களோடு சேர்த்துப் பார்ப்பது) ஏபி என்று வருகிறது, ரிவர்ஸில் (அவரது சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, குரூப் தெரிந்த செல்களோடு சேர்த்துப் பார்ப்பது) ஏ1 செல் லேசாகக் கட்டுகிறது. ஏபி என்றால் அது கட்டக்கூடாது. இரண்டும் இப்படி ஒத்துப்போகவில்லை என்றால் ஏ2பி-யாக (ஏ2-வும் பி-யும் சேர்ந்தது) இருக்குமோ என்று முதலில் தோன்றும். ஏ2 ஆட்களில் சிலருக்கும் ஏ2பி-யில் இன்னும் அதிகம் பேருக்கும் ஆன்டி-ஏ1 (ஏ1 செல்லைப் பிடிக்கும் ஆன்டிபாடி) சீரத்தில் தானாகவே இருக்கும். ஒரு சொட்டு லெக்டின், ஒரு சொட்டு செல் சஸ்பென்ஷன், சென்ட்ரிஃப்யூஜ், மெதுவாக ஆட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான் வேலை. ஏ1 என்றால் ஒரே கட்டியாக 4+, அதாவது இருப்பதிலேயே பலமான கட்டு. ஏ2 என்றால் செல்கள் புகைபோலக் கலைந்து எழும். நான் வாங்கிய பாட்டிலில் இரண்டுக்கும் நடுவே குழப்பமே இல்லை. முழு மதிப்பெண் இதற்கு.

லேபிளில் டோலிகோஸ் பைஃப்ளோரஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும். நம் வீட்டு கொள்ளுதான். அதன் சாறு ஏ1 செல்லைத் தனியாகப் பிடிக்கிறது என்று 1951-இல் பெங்களூரு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதியவர் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட், இந்திய ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர். ஏ-யில் உட்பிரிவு உண்டு என்பது டன்கெர்ன், ஹிர்ஸ்ஃபெல்ட் இருவரால் 1911-இலேயே தெரியும். பிரித்துப் பார்க்கத்தான் பாடு: பி குரூப் ஆளின் சீரத்தில் ஏ2 செல்லைப் போட்டு, வேண்டாத ஆன்டிபாடியை உறிஞ்சவைத்து, மிச்சத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் அந்த சீரமும் மாறும். மளிகைக் கடைச் சரக்கு அந்த வேலையை முடித்துக் கொடுத்தது. பேர்ட் அத்தோடு விடவில்லை. 1964-இல் வேர்க்கடலையில் ஆன்டி-டி (D) அல்ல, செல்லின் மேல் மறைந்திருக்கும் 'டி' (T) ஆன்டிஜெனைப் பிடிக்கும் பொருளைக் காட்டினார் (பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்லும் ஆர்ஹெச்-சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பிறகு பர்மிங்காமில் ரத்த மையத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். ஏ2 ஜீனில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டு, என்சைமின் வால் 21 அமினோ அமிலம் நீண்டுவிடுகிறது என்பதெல்லாம் 1990-இல் ஏபிஓ ஜீனைக் கையில் பிடித்த பிறகு தெரிந்த கதை. பேர்ட் காலத்தில் டெஸ்ட் டியூபும் விதையும்தான்.

இனி குறைகள். 5 மிலி எங்களுக்கு அதிகம். காலாவதி தேதி வரும்போது பாதி அப்படியே இருக்கும். 2 மிலி பாட்டில் போட்டால் புண்ணியமாகப் போகும். சப்ளையர் ஒருமுறை ஐஸ் பேக் உருகிப்போன பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார், திருப்பி அனுப்பினேன். இது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு. பெரிய தலைவலி கன்ட்ரோல், அதாவது விடை தெரிந்த செல்லைப் போட்டு பாட்டிலைச் சரிபார்ப்பது: ஏ1 செல் எளிதில் கிடைக்கும், ஏ2 செல் தேட வேண்டும். நெகட்டிவ் கன்ட்ரோல் (கட்டக்கூடாத ஏ2 செல்) போடாமல் வரும் முடிவை நான் எழுதமாட்டேன். சொன்ன நேரத்துக்கு மேல் டியூபை வைத்திருந்தால் ஏ2-வும் கட்ட ஆரம்பிக்கும். பச்சைக் குழந்தையின் ரத்தத்துக்கு இது வேண்டாம், ஏ1 அப்போது முழுதாக வளர்ந்திருக்காது.

கொள்ளை சலைனில் ஊறவைத்து அரைத்து நாமே எடுத்தால் என்ன என்று படிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். பிராக்டிகலுக்கு தாராளமாகச் செய்யலாம், நன்றாகவே கட்டும். ஆனால் சரியாக நீர்க்காவிட்டால் ஏ2-வையும் சேர்த்துக் கட்டிவிடும். நோயாளி ரிப்போர்ட்டுக்கு லைசென்ஸ் உள்ள பாட்டில்தான்.

சிலர் இதையும் ஆன்டி-ஹெச்சையும் (ஓ செல்லிலும் இருக்கும் ஹெச் ஆன்டிஜெனைப் பிடிக்கும் பாட்டில்) சேர்த்தே விற்கிறார்கள். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஆன்டி-ஹெச்சை முதலில் வாங்குங்கள். டாக்டர் பேண்டே குழு 1952-இல் சொன்ன பாம்பே குரூப் ஆள் (ஹெச்சே இல்லாதவர்) ஃபார்வர்டில் ஓ மாதிரியேதான் தெரிவார், அவருக்கு சாதாரண ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஏ2-வைப் பொறுத்தவரை, சீரத்தில் உள்ள ஆன்டி-ஏ1 உடல் சூடான 37 டிகிரியில் வேலை செய்தால்தான் கவலை. அப்போதும் ஏ2 அல்லது ஓ செல் கொடுத்துச் சமாளித்துவிடலாம்.