பழைய ஜி.ஐ. பைப்பை மாற்றி சி.பி.வி.சி. போட்ட சென்னை வீடுகள்: பத்து வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

எண்பதுகளில் கட்டிய சென்னை வீடு என்றால் சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் ஜி.ஐ. பைப்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். காலையில் பிடிக்கும் முதல் வாளித் தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது, குழாய் நுனிச் சல்லடையைக் கழற்றித் தட்டினால் செதில் செதிலாகத் துரு விழுகிறது, கீழே யாராவது குழாயைத் திறந்தால் மாடி ஷவர் நூலாக இளைக்கிறது. இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே அந்த பைப்புக்கு இனி வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். அதற்குப் பதில் போடுவது சி.பி.வி.சி., வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப். சுவரில் பெயிண்ட் கொப்புளித்து உப்பு பூக்கும் வரை காத்திருந்தால், பைப் செலவோடு பூச்சு வேலைச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

வெட்டி எடுத்த அரை இஞ்ச் ஜி.ஐ. துண்டு ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள். வெளியே சாம்பல் பூச்சு அப்படியே இருக்கும். உள்ளே துருவும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காக ஏறி, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். போர் தண்ணீரின் கடினத்தன்மை சுண்ணாம்பைப் படிய வைக்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் தண்ணீரில் இருக்கும் உப்பு துத்தநாகப் பூச்சைத் தின்கிறது. ஆனால் முதலில் ஒழுகுவது பைப்பின் நடுப்பகுதி அல்ல, ஜாயின்டில் திருகுவதற்காக மரை வெட்டிய முனைதான். மீடியம் கிளாஸ் அரை இஞ்ச் பைப்பின் சுவர் 2.6 மில்லிமீட்டர் தடிமன். மரை வெட்டியதும் பள்ளத்தில் மிஞ்சுவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சும் போய்விடுகிறது.

அதனால்தான் சுவருக்குள் ஒரு எல்போ (பைப் திரும்பும் மூலை இணைப்பு) ஒழுகினால் அதை மட்டும் மாற்றும் வேலையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. பைப் ரிஞ்சு போட்டு ஒரு ஜாயின்டைத் திருப்பினால் அந்த முறுக்கு அதே தடத்தில் இருக்கும் அடுத்த இரண்டு மூன்று ஜாயின்டுகளுக்கும் போகிறது. அவையும் அதே வயதில் அதே துருவோடு இருப்பவைதான். இன்று சமையலறைச் சுவர், இரண்டு மாதத்தில் பாத்ரூம் சுவர் என்று ஒழுகல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பிசைந்து ஒட்டும் எபாக்சி மொட்டை மாடியில் கண்ணுக்குத் தெரியும் பைப்புக்கு ஒரு வாரத் தவணை வாங்கித் தரும். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது.

பழைய பைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுக்கவும் வேண்டாம். செங்கல் ஆட்டம் காணும், டைல்ஸ் உடையும். டேங்க் பக்கம் துண்டித்து, தண்ணீரை முழுக்க வடித்து, இரண்டு முனைக்கும் பிளக் போட்டுச் சுவரிலேயே விட்டுவிடுங்கள். புதுத் தடம் வேறு வழியில் போகட்டும். பழைய லைனின் ஒரு கிளையைக்கூடப் புது லைனோடு சேர்த்து வைக்காதீர்கள். அதில் உதிரும் துரு புதுக் குழாய்களுக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜைக் கெடுத்துவிடும்.

மிக அதிகமாக நடக்கும் தவறு அளவில்தான். அரை இஞ்ச் ஜி.ஐ. இருந்த இடத்தில் அரை இஞ்ச் சி.பி.வி.சி. போட்டுவிட்டு, பைப் புதுசு, தண்ணீர் மட்டும் வரவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம். பெயர் ஒன்று என்றாலும் துளை ஒன்றல்ல. அரை இஞ்ச் ஜி.ஐ.யின் உள்விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். எஸ்.டி.ஆர். 11 என்ற சுவர்த் தடிமன் வகை அரை இஞ்ச் சி.பி.வி.சி.யின் உள்விட்டம் சுமார் 12.4 மில்லிமீட்டர்தான். பரப்பாகக் கணக்குப் போட்டால் பழைய பைப் புதிதாக இருந்தபோது கொடுத்த வழியில் 60 சதவீதம். முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. சுமார் 18 மில்லிமீட்டர், ஒரு இஞ்ச் 23 மில்லிமீட்டர் சொச்சம். ஆகவே எல்லா இடத்திலும் ஒரு அளவு ஏற்றிப் போடுங்கள்: அரைக்கு முக்கால், முக்காலுக்கு ஒன்று. டேங்கிலிருந்து இறங்கும் முதல் தடம் ஒன்றேகால் அல்லது ஒன்றரை இஞ்ச் இருக்கட்டும். அரை இஞ்ச் என்பது குழாய் வாய்க்குப் போகும் கடைசி ஒன்றிரண்டு அடிக்கு மட்டும்.

நம் ஊர் வீடுகளில் இது இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் உயரம். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் (சதுர சென்டிமீட்டருக்கு) ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். ஹெட்ரூம் (மொட்டை மாடிப் படிக்கட்டு அறை) மேல் வைத்த டேங்கின் அடிமட்டம் மாடி ஷவரிலிருந்து 2 மீட்டர் மேலே இருந்தால், அங்கே கிடைப்பது 0.2 கிலோதான். அதையும் சிறிய துளையில் வீணாக்கக்கூடாது. டேங்க் லைனைக் கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றி இறக்குவதும் அதே போன்ற தவறுதான். அந்த மேட்டில் காற்று சிக்கிக்கொள்ளும். டேங்க் காலியாகி நிரம்பும் ஒவ்வொரு முறையும் குழாய் இருமி இருமித்தான் தண்ணீர் விடும். சுவரில் துளை போட்டு, லைன் டேங்கிலிருந்து சரிந்தே போகும்படி அமைத்து, வால்வுக்கு அடுத்து டேங்கை விட உயரமாக ஒரு ஏர் பைப் நிறுத்துங்கள்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. சுவருக்குள்ளும் வெந்நீருக்கும் ஐ.எஸ். 15778 முத்திரை உள்ள சி.பி.வி.சி. எஸ்.டி.ஆர். 11. சம்ப்பிலிருந்து (நிலத்தடித் தொட்டி) டேங்குக்கு ஏறும் மோட்டார் லைனுக்கு யு.பி.வி.சி. (குளிர்நீருக்கான பிளாஸ்டிக் பைப்) போதும், ஆனால் வெந்நீர்ப் பக்கம் அதைக் கொண்டு போகாதீர்கள், இளகிவிடும். முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி.யின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர், அதே பெயருள்ள யு.பி.வி.சி. சுமார் 26.7. ஒன்று மற்றதன் சாக்கெட்டில் உட்காராது, இடையில் அதற்கென்றே உள்ள இணைப்பு தேவை. பச்சை நிற பி.பி.ஆர். நல்ல பைப்தான். ஆனால் அது 260 டிகிரியில் உருக்கி ஒட்டும் வேலை. இன்னும் எட்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுகினால், மெஷினோடு ஆள் வேண்டும்.

வாங்கப் போகும்முன் பைப் சுவரிலிருந்து வெளியே வரும் புள்ளிகளை எண்ணுங்கள். ஒரு பாத்ரூமுக்கு வால் மிக்சர் 2, கீசர் 2, வாஷ் பேசின் 2, ஃபிளஷ் டேங்க் 1, ஹெல்த் ஃபாசெட் 1, ஆக 8. அந்த எட்டுக்கும் பித்தளை மரை வைத்த எல்போதான். பிளாஸ்டிக்கிலேயே மரை போட்டது வேண்டவே வேண்டாம். பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போனால் நான்கு கம்பெனி எல்போக்களையும் பக்கத்தில் வைத்து எடை பார்க்கலாம். பித்தளை கனமாக இருப்பதை எடுங்கள். பைப்பில் மிச்சம் பிடித்தாலும் பிடிக்கலாம், இதில் கூடாது. ஏனென்றால் பத்து வருடத்தில் சி.பி.வி.சி.யில் வரும் ஒழுகலில் பெரும்பகுதி பித்தளையும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில்தான் வருகிறது. மரையில் டெஃப்லான் டேப் மட்டும், திருகும் திசையிலேயே இழுத்து 8 முதல் 10 சுற்று. ட்வைன் நூலும் வெள்ளை பேஸ்டும் ஜி.ஐ. காலத்துப் பழக்கம். நூல் தடித்து இறுகும்போது பிளாஸ்டிக் கழுத்து பிளக்கும், எண்ணெய் கலந்த பேஸ்ட் நாளடைவில் சி.பி.வி.சி.யை நொறுங்க வைக்கும்.

ஒட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பைப்பை நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு எடுத்து, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பசை இல்லாமல் நுழைத்தால் சாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குள் இறுக வேண்டும். பிறகு பைப்பின் வெளியே தாராளமாக, சாக்கெட்டுக்குள் மெலிதாகப் பசை தடவி, உடனே அழுத்திக் கால் சுற்று திருப்பி, 30 வினாடி பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் பைப் தானே கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிடும். விளிம்பைச் சுற்றி மெல்லிய வளையமாகப் பசை பிதுங்கி நின்றால் சரி. சாக்கெட்டுக்குள் குளம் போலத் தேங்கினால் அந்த இடம் இளகிப் பலவீனமாகும். மே மாத வெயிலில் டின்னைத் திறந்து வைத்தால் பசை அரை மணியில் ஜெல்லியாகிவிடும். தின்னர் ஊற்றிக் கரைப்பார்கள், விடாதீர்கள், தூக்கிப் போடச் சொல்லுங்கள். பெரிய டின் ஒன்றுக்குப் பதில் சிறிய டின்களாக வாங்குவது இதற்காகத்தான். வடகிழக்குப் பருவமழையும் இல்லாமல் கத்திரியும் இல்லாமல் ஜனவரி முதல் மார்ச் வரை வேலையை வைத்துக்கொண்டால் நல்லது.

பூசுவதற்கு முன் கை பம்ப் வைத்து அழுத்தச் சோதனை செய்யாத வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். டேங்கைத் திறந்துவிட்டு, எங்கேயும் ஒழுகவில்லை பாருங்கள் என்பது சோதனையே இல்லை. டேங்க் கொடுக்கும் அழுத்தம் ஒரு கிலோகூட இருக்காது. பசை தடவ மறந்து வெறுமனே சொருகிய ஜாயின்ட்கூட அந்த அழுத்தத்தில் மாதக்கணக்கில் தாங்கும். பிறகு ஒருநாள் புது டைல்ஸுக்குப் பின்னால் கழன்றுகொள்ளும். கடைசி ஜாயின்ட் ஒட்டி 24 மணி நேரம் விட்டு, எல்லா முனைக்கும் பிளக் போட்டு, மெதுவாகத் தண்ணீர் ஏற்றிக் காற்றை வெளியேற்றி, 10 கிலோவுக்கு பம்ப் செய்து ஒரு மணி நேரம் பம்பின் அழுத்த மீட்டர் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

இனி வருடங்கள் போகப் போக என்ன ஆகிறது என்பது. தண்ணீர் நிறமும் வேகமும் மாறுவதில்லை. இந்த ஒன்றுக்காகவே மாற்றியது வீண்போகாது. சுவருக்குள் இருக்கும் பைப் அப்படியே இருக்கிறது. கெட்டுப்போவது மொட்டை மாடிதான். பெயிண்ட் அடிக்காமல் விட்ட பைப் சில வருட வெயிலில் மாவு போல் வெளுத்து, சின்ன அடிக்கே விரிசல் விடுகிறது. தண்ணீரில் கரையும் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடித்தால் போதும். எண்ணெய்ப் பெயிண்ட் ஆகாது. கிளாம்பை இறுக்கிப் பிடிப்பதும் தவறு. 10 மீட்டர் நீள பைப் 30 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் நீளும். நகர இடமில்லாவிட்டால் அந்த நீட்சி முழுவதும் எல்போ கழுத்தில் போய் விழும். 3 அடிக்கு ஒரு கிளாம்ப், பைப் அதற்குள் வழுக்கிப் போகும்படி.

கீசரில் நேராக சி.பி.வி.சி.யைத் திருகியிருந்தால் நாலைந்து வருடத்தில் அந்த முனை வளைந்திருப்பதைப் பார்க்கலாம். தெர்மோஸ்டாட் கெட்டால் தண்ணீர் கொதிநிலைக்குப் போகும், பைப்பின் வரம்போ 93 டிகிரி. ஸ்டீல் பின்னல் போட்ட 18 இஞ்ச் கனெக்ஷன் பைப் இரண்டு பக்கமும், குளிர்நீர்ப் பக்கம் நான்-ரிட்டர்ன் வால்வும் போடுங்கள். டேங்க் காலியானால் வெந்நீர் பின்னால் இறங்காமல் அந்த வால்வு தடுக்கும்.

தெரு மெயினிலிருந்து சம்ப் வரை வரும் மெட்ரோ வாட்டர் லைனையும் மறந்துவிடாதீர்கள். அதுவும் அதே வயது ஜி.ஐ.யாக இருக்கலாம். சப்ளை இல்லாத நேரத்தில் துருப்பிடித்த ஓட்டை வழியாக மண்ணில் இருக்கும் கழிவுநீர் உள்ளே வரும். அந்த லைனில் நேராக மோட்டார் வைத்து இழுத்தால் இன்னும் வேகமாக வரும், அது சட்டப்படியும் தவறு. அதை மாற்ற மெட்ரோ வாட்டர் டிப்போவில் எழுதிக் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், தனியாள் தோண்டக்கூடாது.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரிலும் டேப் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் பைப் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது அந்தப் போட்டோ கைகொடுக்கும். ஏழெட்டு வருடத்தில் ஆங்கிள் காக் (சுவரில் திருகிய சிறு அடைப்புக் குழாய்) மாற்றும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். சுண்ணாம்பில் பிடித்துக்கொண்ட காக்கை முரட்டுத்தனமாகத் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் எல்போவே சேர்ந்து சுழன்று முறியும். மரை விளிம்பில் வினிகரில் நனைத்த துணியை இரவு முழுக்கச் சுற்றி வைத்து, காலையில் முதலில் லேசாக இறுக்கும் பக்கம் அசைத்துப் பார்த்து, அதன் பிறகு கழற்றுங்கள்.